முகத்தில் பட்ட தீ

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் தீயினால் முகம் வெந்தவரிடத்து இவ்வாக்குச் செல்லாது. அவர்தம் தழும்பைக் கண்டு அகத்தை அளப்பது அறியாமை. புண் காய்ந்ததும் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவதும் அறியாமையே.

கண்டியைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டை முதலிய மலைத் தோட்டங்களிலே, மின்சாரம் எட்டாத காலத்தில் லயன் அறைகளுக்கு ஒளி தந்தது குப்பி விளக்கு. ஒரு போத்தலில் மண்ணெண்ணெய். மூடியில் ஒரு துளை. அதிலே ஒரு திரி. கை பட்டாற் சாயும், சாய்ந்தால் உருளும், எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இவ்வாறு வெந்து வந்தோரைக் கண்டு மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, ‘சுதீப’ என்னும் விளக்கை அமைத்தார். மார்மைட் போத்தலைப் போற் குட்டையும் கனமும் உடையது. பக்கங்கள் தட்டையாதலின் உருளாது. மூடியோ திருகி இறுக்கும் உலோக மூடி. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு இரவுகளிலே அத்தகைய விளக்கின் அருமையை நாடே உணர்ந்தது.

“எவ்வாறு வெந்தது?” என்னும் கேள்வியே அவ்விளக்கிற்கு வித்து. அதே கேள்விக்குரிய விடையை வைத்தியசாலைகள் எண்களாக எழுதிவைக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில், தலையிலும் கழுத்திலும் பட்ட தீக்காயத்திற்கு ‘டி 20’ என்பது குறியீடு. புள்ளிக்குப் பின் வரும் 1, 2, 3 என்பன ஆழத்தைச் சொல்லும். காரணத்திற்கு வேறு குறியீடு: மண்ணெண்ணெய் தீப்பற்றியதாயின் ‘எக்ஸ் 04’, கொதிக்கும் தேநீரோ குழம்போ பட்டதாயின் ‘எக்ஸ் 10’. பிறர் வேண்டுமென்றே செய்த கொடுமைக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. மானத்திற்கு அஞ்சி நாம் பொய்க் காரணம் உரைத்தால் ஏட்டிலும் பொய்யே ஏறும். பொய்க் கணக்கிலிருந்து மெய்யான தடுப்பு முறை பிறவாது.

மற்றுமொரு குறியீடு நம் சிந்தைக்குரியது. காயம் ஆறிய பின்னர், அதன் பின்விளைவுக்காக வருவோர்க்கு ‘டி 95.0’ என்று எழுதுவர். தீயின் வேலை புண் ஆறுவதோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று. தழும்பு மாதக்கணக்கில் தடிக்கும்; சுருங்கி இழுக்கும். இமை இழுபட்டாற் கண் மூடாது. கருவிழி வரண்டு பார்வைக்கே கேடு வரலாம். வாயோரம் சுருங்கினால் உணவருந்துவதும் அரிது. எனவேதான் கண் பரிசோதனை, சிலிக்கோன் பூச்சு, முகத்திற்கு அழுத்த உறை, தழும்பை நீவுதல், வாய்ப் பயிற்சி, வெயில் தவிர்த்தல் ஆகியவற்றை வைத்தியர் வேண்டியவாறு விதிக்கின்றனர். தழும்பு தணிந்து அடங்க ஓராண்டு, ஈராண்டு செல்லும். குழந்தையாயின், முகம் வளர்வதைப் போல் தழும்பு வளராது. ஆதலின் வளர்ந்து முடியும் வரை கண்காணிப்பு வேண்டும்.

வருமுன் செய்வதும் ஒன்றுண்டு. தீப்பட்டவுடன் ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுங்கள். பற்பசை முதலியவற்றைப் பூசாதீர்கள். பின்னர் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போரிலே முகம் வெந்த விமானிகளுக்கு, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்னும் நிபுணர் சிகிச்சை அளித்தார். அவர் ஊராரையும் துணைக்கழைத்தார். அவ்வூரார் விமானிகளை வெறித்துப் பார்க்காது, விருந்தினராக வீட்டுக்கு அழைத்தனர். நம் பேருந்துகளிலும் வகுப்பறைகளிலும் அப்பண்பு வேண்டும். தழும்புடன் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைப் பின்வரிசையில் ஒளித்துவைப்பது இரக்கமன்று. முன்போல் பாடம் கேட்பதே அன்பு என்று ஆசிரியராகிய நாம் சொல்லுவோம்.

கிளினிக் நாளன்று, “ஒரு நாட் பேர் போய்விடுமே, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்?” என்று கலங்கும் தாய்மார் தோட்டங்களில் உண்டு. பேர் போனாற் மீண்டும் உழைத்துப் பெறலாம். போன பார்வையைப் பெறல் அரிது. பக்கத்து வீட்டார் அன்று ஒரு பொழுது அப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அத்தாய் கண்டிக்குச் சென்று வருவாள். அதுவும் சிகிச்சையின் ஒரு கூறே.