குறும்பா, கோளாறா?

"அடியாத மாடு பணியாது" என்பார்கள். பிள்ளைகள் மாடுகள் அல்ல.

ஒரு பையன் வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்வான். தினமும் பென்சிலைத் தொலைப்பான். வாத்தியார் அவனை வெளியே நிறுத்துகிறார். வீட்டில் அப்பா அடிக்கிறார். மறுநாளும் அதே கதைதான்!

அவன் திமிர் பிடித்தவனா? இல்லாமலும் இருக்கலாம்.

1902-ம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை டாக்டர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவு நன்றாக இருந்தும் தங்களை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகள் உண்டு என்று அவர் எடுத்துச் சொன்னார்.

அத்தகைய கோளாறுகளில் ஒன்றுக்கு இன்று 'ஏ.டி.எச்.டி.' என்று பெயர். மனதை ஓரிடத்தில் நிறுத்துவதும், கை காலை அடக்கி வைப்பதும் அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாடு. பெண் குழந்தைகள் பலர் துள்ளித் திரிவதில்லை. எதையோ நினைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

மூன்று கேள்விகள்

குறும்பு செய்யும் பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

12 வயதுக்கு முன்பே தொடங்கியதா? 6 மாதமாவது நீடித்திருக்கிறதா? வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஒன்றுபோலத் தெரிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளையும் சொல் பேச்சுக் கேட்காததுபோலத் தெரியும்!

நல்லபடியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் அது வேறு விஷயம். பதினான்கு வயதுப் பெண் பள்ளிக்குப் போக மறுக்கிறாள், எரிந்து விழுகிறாள் என்றால் திட்டாதீர்கள். யாராவது மிரட்டுகிறார்களா, தொல்லை கொடுக்கிறார்களா என்று தனியே கூப்பிட்டு அன்பாகக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்து முடித்ததும் அப்போதே பாராட்டுங்கள். அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொல்லக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டில் அதைத் தடுக்க வேண்டியது பெற்றோர்தான். அடி வாங்கும் பிள்ளை பொய் சொல்லப் பழகும். தவறை மறைக்கப் பழகும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிரம்பை ஓரமாக வையுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!