தலையெழுத்தும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

பழவேற்காடு ஏரியிலுள்ள பசியாவரம் போன்ற மீனவக் குப்பங்களில் மாத்திரமல்ல, பட்டணங்களிலுங்கூட, ஒருவருக்கு வாய் கோணிக் கை கால் விழுந்துவிட்டால், அதைத் தலையெழுத்து என்றும், தெய்வகோபம் என்றும் சொல்லி, மந்திரிப்பதிலும், தாயத்துக் கட்டுவதிலும், புறா இரத்தம் தடவுவதிலும் காலத்தைக் கழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ, வெடிப்பதாலோ வருகிற வியாதியே தவிர வேறல்ல. எது என்பதை ஸ்கேன் படம் காட்டிவிடும். அடைப்பானால், அதைக் கரைக்கும் ஊசிமருந்தைத் தகுந்தவர்களுக்கு நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். ஆகவே இங்கு கடவுளுக்கு வேலையில்லை, கடிகாரத்திற்குத்தான் வேலை.

நிற்க, தாமதம் நோயாளி வீட்டாரால் மாத்திரம்தானா? ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபின் படமெடுக்க எத்தனை நிமிஷம், ஊசி போட எத்தனை நிமிஷம் என்று எழுதிவைக்காவிட்டால் குறை எங்கே என்பது யாருக்குத் தெரியும்? பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி ஆஸ்பத்திரியில் 1998-இல் வாசலிலிருந்து ஊசிவரை 105 நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு தாமதத்தையும் அளந்து நீக்கி, 2011-இல் அதை 20 நிமிஷமாக்கினார்கள். ஆம்புலன்சிலிருந்தே முன்கூட்டிச் செய்தி சொன்னதும், நோயாளியை நேரே ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனதும் போன்றவைதான் அவர்கள் போட்ட மந்திரம்!

நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் பதிவேடுகள் ஏற்பட்டிருக்கின்றன. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலி, கட்டாக், கச்சார், கோட்டா, வாரணாசி ஆகிய ஐந்து இடங்களில் எடுத்த கணக்கில், முதல் தடவையாகப் பக்கவாதம் கண்டவர்கள் 13,820 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் 28 நாட்களுக்குள் மாண்டார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கோடு மரணப் பதிவையும் பார்த்ததால், வீட்டிலேயே செத்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். அந்த ஐந்தில் பசியாவரம் இருக்கும் திருவள்ளூர் ஜில்லா இல்லை. ஆஸ்பத்திரியை மாத்திரம் எண்ணினால், வந்து சேராமலே செத்த குப்பத்து மனிதன் எந்தக் கணக்கில் வருவான் என்று கேட்கிறோம்.

ஆகவே சர்க்கார், பெரிய ஆஸ்பத்திரிகளில் மாத்திரமல்லாமல் ஜில்லாதோறும் இக்கணக்கை எடுத்து, நோயாளியின் பெயரை மறைத்து, முடிவை வருஷந்தோறும் வெளியிடவேண்டும். பேரும் ஊரும் தகப்பன் பேரும் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, நோய் கண்ட மணியைக் கேட்டெழுத என்ன கஷ்டம்?

ஏரியில் இன்ன நாள் இன்னார் பாடு என்று தலைமுறையாய்க் கணக்குத் தவறாத மீனவத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். வாய் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே மணியைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரியில் அந்த மணியைச் சொல்லி, எழுதினார்களா என்று கேளுங்கள். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லுவதை இதுவரை ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. புத்தகத்தில் எழுதியதையோ யாரும் படிக்கலாம், குறையைத் திருத்தலாம்.