விளக்கு சிமிட்டியது, கதவு பூட்டவில்லை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் முன்றலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வாகனத்தை ஓரங்கட்டி இறங்குகிறவர் கதவைத் தள்ளிச் சாத்துகிறார், நாலு எட்டு நடக்கிறார், திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் ரிமோட்டை நீட்டி அமத்துகிறார். "கீக்" என்று ஒரு சத்தம், விளக்கு இரண்டு தரம் சிமிட்டுகிறது, அவர் உள்ளே போய்விடுகிறார். பூட்டியாயிற்று என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இருந்ததில்லை, 2011ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை வரைக்கும்.

பிளாஸ்டிக் சாமான், அலுமினியப் பாத்திரம் என்று கண்டி வீதியில் நிட்டம்புவ முதல் மாவனல்லை வரை கடைகளுக்குச் சரக்குப் போட்டு, இரண்டு கிழமைக்கொரு தடவை கலெக்ஷனுக்குப் போய்வருவது என் தொழில். அப்போது வைத்திருந்தது பழைய டொல்பின் வேன். கம்பனியிலிருந்து வந்தபோது அதில் ரிமோட் கிடையாது. கொழும்பில் ஒரு கடையில் சென்ட்ரல் லொக் செட் ஒன்று வாங்கிப் பூட்டியிருந்தேன். அன்று கேகாலையில் ஒரு கடைக்காரரோடு நான் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, ட்ரைவர் தம்பி வேனைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது பின் ஆசனத்துக்குக் கீழே வைத்திருந்த பை இல்லை. ரொக்கம் 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா, அதோடு 11 செக். கண்ணாடி உடையவில்லை, கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

செக்குகளை எழுதியவர்களுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். ரொக்கம் போனது போனதுதான். பொலிஸில் கேட்ட முதல் கேள்வி, "வேன் பூட்டியிருந்ததா?" காப்புறுதிக்காரரோ, தாங்கள் வாகனத்துக்குத்தான் பொறுப்பு, அதற்குள் வைத்த காசுக்கு அல்ல என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

"நான் பட்டன அமத்தினேன் முதலாளி. லைட்டும் ரெண்டு தரம் பத்திச்சி. என்ட கண்ணால கண்டேன்" என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்பது வருடம் என்னோடு இருந்தவன். நான் வியாபாரி. என் மனம் கணக்குப் போட்டது. விளக்கு சிமிட்டினால் வேன் பூட்டியிருக்கும், பூட்டியிருந்தால் பை போகாது, பை போயிருக்கிறது, ஆகவே இவன் பொய் சொல்கிறான். வாய்விட்டு நான் திட்டவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து வேன் திறப்பை அவன் கையில் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அது போதாதா? இரண்டு கிழமையில் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

என் கணக்கில் முதல் வரியே பிழை என்பதைப் பஞ்சிகாவத்தையில் ஓர் ஓட்டோ இலக்ட்ரிக் பாஸ்தான் காட்டித் தந்தார். வேறு ஏதோ வேலைக்காகத்தான் வேனை அங்கே கொண்டுபோனேன். பேச்சுவாக்கில் இந்தக் கதை வந்தது. அவர் எழுந்து வந்து ரிமோட்டை அமத்தினார். விளக்கு சிமிட்டியது, முன் கதவுகளில் "டக்" என்றது. பிறகு தள்ளுகதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்துகொண்டு வந்தது. "முதலாளி, லைட்டுக்குக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றார் சிரித்துக்கொண்டு.

அவர் கதவு அட்டையைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் இது எவ்வளவு எளிமையான சாமான் என்று விளங்கியது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் பெருவிரல் பருமனில் ஒரு சின்ன மோட்டார். அதன் முன்னால் சில பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். அவை ஒரு கம்பியை மேலேயோ கீழேயோ தள்ளும். நாம் கையால் அமத்துகிற அதே லொக் குமிழின் கம்பிதான் அது. 12 வோல்ட் மின்சாரம் ஒரு பக்கமாக ஓடினால் பூட்டும், பொசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் திறக்கும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே மின்சாரம் போகும். கடையில் வாங்கிப் பூட்டும் செட்டுகளில் ட்ரைவர் பக்க மோட்டாருக்கு ஐந்து வயர் இருக்கும், மற்றவற்றுக்கு இரண்டு. அந்த மேலதிக மூன்று வயரும் ட்ரைவர் கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நடுவிலுள்ள பெட்டிக்குச் சொல்பவை. மற்றக் கதவுகளுக்கு அந்த வாய் இல்லை. பெட்டி அவற்றுக்குக் கட்டளை அனுப்பும், அவ்வளவுதான். கட்டளை நிறைவேறியதா என்று கேட்காது. கட்டளை போன கையோடு விளக்கையும் சிமிட்டிவிடும்.

என் வேனில் தள்ளுகதவுக்கு மின்சாரமே போகவில்லை. தள்ளித் திறக்கிற கதவுக்குச் சாதாரணமாக வயர் இழுக்க முடியாது. ஆகவே கதவிலும் தூணிலும் சின்னச் சின்ன உலோகத் தொடுகைகள் வைத்திருப்பார்கள். கதவு சாத்தும்போது ஒன்றோடொன்று தொட்டு மின்சாரம் பாயும். தூசியும் மழைநீரும் பட்டு அவை பச்சை பிடித்துப் போயிருந்தன. ஒரு நாள் பூட்டும், மறுநாள் பூட்டாது. ஜன்னல் ஓரத்துக் குமிழைப் பார்த்திருந்தால் ஒரு விநாடியில் தெரிந்திருக்கும். யார் பார்த்தார்கள்?

கம்பனியிலிருந்தே பூட்டி வருகிற செட்டுகள் இதைவிடத் திறமானவைதான். பலவற்றில் ஒரு கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால் சத்தம் எழுப்பும், அல்லது பூட்ட மறுக்கும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வாகனத்தில் பற்சக்கரம் தேய்வதும், கதவு மடிப்பில் வயர் முறிவதும் கம்பனி செட்டுக்கும் உள்ளதுதான்.

நம்மவர்கள் வாகனம் வாங்கும்போது "ரிமோட் இருக்கா?" என்று ஒரே சொல்லில் கேட்கிறார்கள். விற்கிறவரும் "புல் ஒப்ஷன்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. கதவைப் பூட்டுகிற மோட்டார் ஒன்று. தூரத்திலிருந்து கட்டளை அனுப்பும் ரிமோட் இன்னொன்று. என்ஜினை ஸ்டார்ட் ஆக விடாமல் தடுக்கும் இமொபிலைசர் மூன்றாவது. சட்டைப் பையில் இருந்தாலே கதவு திறக்கிற ஸ்மார்ட் கீ நான்காவது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று இல்லை.

கார் ரிமோட்டின் ஆரம்பம் 1982இல் ரெனோ ஃபுயேகோ காரில். அப்போது அது டீவி ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தது. இப்போது எல்லாம் வானொலி அலை. ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த வாகனங்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பிய வாகனங்களில் 433.92 மெகாஹேர்ட்ஸிலும் பேசும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று ரிமோட் வாங்கி ஏமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிமோட் அனுப்புகிற இரகசிய எண் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. நமது பில் புத்தகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 501ஆம் இலக்க பில் கணக்கில் ஏறிவிட்டால் அதையே மறுபடி கொண்டு வந்து காட்டுகிறவனுக்குச் சாமான் கொடுப்போமா? காரும் அப்படித்தான். பாவித்து முடிந்த எண்ணை ஏற்காது, அதற்கு மேலே உள்ளதைத்தான் ஏற்கும். பிள்ளைகள் வீட்டில் சும்மா அமத்தி விளையாடினால் எண் கொஞ்சம் முன்னால் ஓடிவிடும் அல்லவா? அதற்காக ஓர் அளவு வரை முன்னால் உள்ளதையும் ஏற்றுக்கொள்ளும். அந்த அளவையும் தாண்டினால் ரிமோட்டை மறுபடி காருக்குப் பழக்க வேண்டி வரும்.

இதையும் உடைத்துவிட்டார்கள். 2015இல் அமெரிக்காவில் சாமி கம்கார் என்கிற ஆய்வாளர் சுமார் 32 டொலர் செலவில் ஒரு கருவி செய்து காட்டினார். நீங்கள் அமத்தும்போது அது அலையைக் குழப்பி காருக்குப் போகவிடாமல் தடுத்து, எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கார் பூட்டவில்லையே என்று நீங்கள் இரண்டாம் தரம் அமத்துவீர்கள். அப்போது முதல் எண்ணைக் காருக்குக் கொடுத்துப் பூட்டிவிட்டு, இரண்டாவதைக் கள்ளன் தன் பையில் வைத்துக்கொள்வான். இவ்வளவு கஷ்டப்படாமல் அலையை மட்டும் குழப்பி, கார் பூட்டாமலே உங்களை நடந்துபோக வைக்கவும் முடியும். அதற்கு மருந்து மிக மலிவு. திரும்பிப் பார்ப்பது.

ஸ்மார்ட் கீயின் கதை வேறு. அங்கே நீங்கள் ஒன்றும் அமத்துவதில்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய குரலில், ஓரிரு மீற்றர் தூரத்துக்கு மட்டும் கேட்கும்படி, "திறப்பு இங்கே இருக்கிறதா?" என்று கேட்கிறது. பையிலுள்ள திறப்பு "இருக்கிறேன்" என்று பதில் சொன்னால் கதவு திறக்கிறது. கேட்கிற குரல் மெல்லியது என்பதால், பதில் வந்தால் திறப்பு பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கார் நம்புகிறது. இந்த நம்பிக்கைதான் ஓட்டை. இரண்டு கள்ளர்கள், ஒருவன் காரடியில், ஒருவன் உங்கள் வீட்டு வாசலில். காரின் குரலை ஒரு கருவியால் அங்கே எட்டக் கொடுத்து, பதிலை இங்கே கொண்டு வந்தால் கார் திறக்கும், ஸ்டார்ட்டும் ஆகும். 2011இல் சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பனிகளின் 10 மாடல் கார்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பத்தும் திறந்தன. அதன் பின்னர் சில கம்பனிகள் பதில் வந்து சேரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் முறைக்கும், அசையாமல் கிடந்தால் தூங்கிவிடுகிற திறப்புக்கும் மாறியிருக்கின்றன. நம் வீதியில் ஓடுகிற பழைய கார்களுக்கு இது எதுவும் பொருந்தாது. முன் கதவுப் பக்கத்து ஆணியில் திறப்பைத் தொங்கவிடும் வழக்கம் உள்ளவர்கள் அதை ஒரு மூடியுள்ள தகர பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். டொயோட்டாக்கள் பலவற்றில் லொக் பட்டனை அமத்திப் பிடித்தபடி அன்லொக்கை இரண்டு தரம் அமத்தினால் திறப்பு தூங்கிவிடும். அதிலுள்ள சின்ன விளக்கு நாலு தரம் மின்னினால் சரி. எழுப்புவதற்கு ஏதாவது ஒரு பட்டன் போதும்.

பற்றரி செத்துவிட்டால் நடுவீதியில் நிற்க வேண்டுமே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தேவையில்லை. ஸ்மார்ட் கீக்குள் ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கும் இமொபிலைசர் சிப்புக்குப் பற்றரி வேண்டாம், காரே அதற்குச் சக்தி கொடுக்கிறது.

வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இங்கே கிடந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. நாலு கை மாறிய காரை வாங்குகிறவர் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார், மீற்றரைப் பார்க்கிறார், திறப்பு எத்தனை என்று மட்டும் கேட்பதில்லை. ஒரு திறப்புத்தான் தருகிறார்கள் என்றால், மற்றது யார் கையில்? காரின் கணினியில் எத்தனை திறப்பு பதிந்திருக்கிறது என்று ஸ்கேன் கருவி பல கார்களில் காட்டும். பழையவற்றை அழித்துவிட்டு கையிலுள்ளவற்றை மட்டும் பதியச் சொல்லுங்கள். இரண்டாவது திறப்பு இல்லாவிட்டால் அதன் செலவை விலையில் கழியுங்கள். இருக்கிற ஒன்றும் தொலைந்த பிறகு புதிதாகச் செய்வதென்றால் செலவு பல மடங்கு, சில கார்களில் கணினிப் பெட்டியைக்கூடக் கழற்ற வேண்டிவரும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கலெக்ஷனுக்கும் சரக்குக்கும் ஓடுகிற வாகனத்துக்கு ஸ்மார்ட் கீ தேவையே இல்லை. அது வசதிக்காக விற்கப்படுகிற சாமான், நாம்தான் பாதுகாப்பு என்று நினைத்து மேலதிகக் காசு கொடுக்கிறோம். சிப் உள்ள சாதாரணத் திறப்பும், ஒழுங்காக வேலை செய்யும் நாலு கதவு மோட்டாரும், ஆசனத்துக்குக் கீழே தரையோடு ஒட்டவைத்த ஓர் இரும்புப் பெட்டியும் போதும். ஆறு மாதத்துக்கொரு முறை பாஸிடம் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் கீ உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறப்பைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் பல கார்கள் உங்களை அடையாளம் கண்டு திறந்தேவிடும். திறப்பை இன்னொருவரிடம் கொடுத்துத் தூரத்தில் நிற்கவைத்துத்தான் சோதிக்க முடியும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த அடுத்த கிழமை மாவனல்லைக்குப் போனபோது அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவன் வேறொருவரின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். தொடுகை பச்சை பிடித்த கதையை முழுவதும் சொன்னேன், என் பிழை என்றும் சொன்னேன். தேநீர் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நான் அண்டைக்கே சொன்னேன் தானே முதலாளி" என்றான். பிறகு, "இப்ப அந்தக் கதவ சரி பண்ணிட்டீங்களா?"

பண்ணிவிட்டேன் என்றேன். வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். வரவில்லை.