புகையில்லாச் சரக்கு வண்டியும் மைசூருவும்

தலைநகர் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் இணையவழி வணிக நிறுவனங்களும், பொருள்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் நிறுவனங்களும் 2026 ஜனவரி 1 முதல் டீசலிலோ பெட்ரோலிலோ ஓடும் வாகனங்களைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2025 ஜூனில் உத்தரவிட்டது. தில்லிக்கு இத்தகைய உத்தரவுகள் புதியவை அல்ல. பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2002-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நகரப் பேருந்துச் சேவையிலிருந்து டீசல் விடைபெற்றது. மூச்சு முட்டிய பிறகே சாளரத்தைத் திறப்பது தலைநகரின் வழக்கம்.

இன்னும் மூச்சு முட்டாத நகரங்களும் அதுவரை காத்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

2016-இல் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டின் முதலிடத்தைப் பெற்ற நகரம் அது. 2017-இல் பொது மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், அரண்மனையையும் தசராவையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் கண்ணில் இன்னொரு மைசூரு படுவதில்லை. டயர், இரு சக்கர வாகனம், வண்ணப்பூச்சு என ஆலைகள் நிறைந்த தொழில் நகரமும் அதுதான். பக்கத்திலேயே நஞ்சன்கூடு தொழிற்பேட்டை. பண்டிபாளையாவில் வேளாண் விளைபொருள் சந்தை. நகரின் நடுவே தேவராஜ சந்தையும் அதைச் சுற்றிய நெரிசலான கடைத்தெருக்களும். 2023 மார்ச்சில் பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலை திறக்கப்பட்டு இரு நகரங்களுக்கும் இடையிலான பயண நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சாலை சுருங்கினால் சரக்கு பெருகும். பெருகும் சரக்கு எந்த வண்டியில் வரப்போகிறது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

சரக்கு வாகனங்களை மட்டும் ஏன் குறிவைக்க வேண்டும் என்று கேட்கலாம். நீதி ஆயோக்கும் ஆர்.எம்.ஐ. அமைப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களில் லாரிகளின் பங்கு வெறும் 3 சதவீதம்தான். ஆனால், வாகனங்கள் உமிழும் நுண்துகள் மாசில் 53 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 தரநிலை புதிய வண்டிகளின் புகையைக் குறைத்தது உண்மை. பழைய வண்டிகள்? அவை தில்லியிலிருந்து துரத்தப்பட்டால் காயலான் கடைக்குப் போவதில்லை. கட்டுப்பாடு இல்லாத அடுத்த ஊருக்குத்தான் போகின்றன.

ஒரு கடைக்காரரோ ஆலை நிர்வாகியோ மின்சாரச் சரக்கு வாகனத்துக்கு மாறும்போது உடனடியாகக் கிடைக்கும் நன்மை இதுதான்: சந்தைத் தெருவில் நாள் முழுவதும் நிற்கும் சுமைதூக்குவோரும், நடைபாதை வியாபாரிகளும், அந்த வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் புகையை விழுங்க வேண்டியதில்லை. நெரிசலில் டீசல் வண்டி நின்றபடியே எரிபொருளை எரிக்கிறது. மின்வண்டி நிற்கும்போது அதன் மோட்டாரும் நின்றுவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஓரளவு ஆற்றலைத் திரும்பவும் சேமித்துக்கொள்கிறது. டயர் தேய்ந்து எழும் தூசு மட்டும் எந்த வண்டியானாலும் இருக்கவே செய்யும்.

புவி வெப்பமயமாதல் என்ற கணக்குக்கு வரும்போது விளம்பரங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சிறிய நான்கு சக்கரச் சரக்கு வண்டி என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 150 கிராம். இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.73 கிலோ கரியமில வாயு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 கணக்கு கூறுகிறது. ஒரு யூனிட்டில் 5 கிலோமீட்டர் ஓடும் மின்வண்டியின் கணக்கு 146 கிராம். கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, நிலக்கரியைச் சுமந்து வருவது ஆகியவற்றை எல்லாம் சேர்த்தால் எண்கள் சற்று மாறும். ஆயினும், நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தை இரவில் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியில் பச்சை நிறத்தை மட்டும் பூசிக்கொள்வதால் பூமிக்கு ஆகப்போவது அதிகமில்லை.

இந்த இடத்தில்தான் மைசூருவுக்கு ஒரு தனிச் சிறப்பு வாய்க்கிறது. காவிரி என்றாலே நடுவர் மன்றமும் தண்ணீர்க் கணக்கும் நினைவுக்கு வரும் நமக்கு, அந்த ஆறு மைசூர் சமஸ்தானத்துக்கு மின்சாரமும் தந்தது என்பது மறந்தே போயிற்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்றைய கர்நாடகத்தில் நீர்மின்சாரத்தோடு காற்றாலைகளும், தும்கூரு மாவட்டம் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்காவும் உள்ளன. பகலில் மின்னேற்றம் செய்தால் மேற்சொன்ன 146 கிராம் வெகுவாகக் குறையும்; ஆலையின் கூரையிலேயே சூரியத் தகடுகள் இருந்தால், ஓட்டத்தின்போது உண்டாகும் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

நகரச் சரக்கு வண்டிக்கு இது இயலாத காரியமல்ல. விடியற்காலையில் சந்தைக்கும் முற்பகலில் கடைகளுக்கும் ஓடிவிட்டு, நண்பகலில் சுமை ஏற்றுவதற்காகக் கிடங்கில் நிற்கும் வண்டி அது. செல்லும் வழியும் தூரமும் முன்கூட்டியே தெரியும். சூரிய ஒளி கிடைக்கும் நேரத்தில் மின் கட்டணம் வழக்கத்தைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் விதிகளைத் திருத்தியது. 2022-இல் வந்த பசுமை மின்சார விதிகளின்படி, 100 கிலோவாட் தேவை உள்ள நிறுவனம்கூட நேரடியாகச் சூரிய மின்சாரத்தை வாங்க முடியும். விதிகள் இருக்கின்றன, கிடங்கு வாசலில் மின்னேற்றும் வசதியைச் செய்துகொடுக்க வேண்டிய பொறுப்பு சாமுண்டேஸ்வரி மின் விநியோக நிறுவனத்துக்கும் ஆலைகளுக்கும் உண்டு.

மைசூருவிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக உதகை செல்லும் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சத்தமும் புகையும் இல்லாத வண்டிகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு வேண்டும் என்று நாளை யாரேனும் கோரக்கூடும். அதை ஏற்கக் கூடாது. யானையையும் மானையும் கொல்வது வண்டியின் வேகம். அது எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதல்ல.

செலவை யார் ஏற்பது என்பதுதான் சிக்கலான கேள்வி. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் செயல்பாடுகளை அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியுள்ளது. அறிக்கையில் இடம்பெறும் பெருமை நிறுவனத்துக்கு. வண்டியை வாங்கும் கடன் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துப் பிழைக்கும் உரிமையாளருக்கு. டீசல் வண்டிக்குக் கிடைக்கும் வட்டி விகிதத்தில் மின்வண்டிக்குக் கடன் கிடைப்பது அரிது. ஐந்தாண்டு கழித்து மின்கலத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைக் கடன் கொடுப்பவரால் கணிக்க முடியவில்லை. ஆறு மாத ஒப்பந்தத்தை நம்பி எவர் இதில் இறங்குவார்? நான்கைந்து ஆண்டு ஒப்பந்தத்தை எழுதித் தர மைசூரு, நஞ்சன்கூடு ஆலைகள் முன்வந்தால், அந்தக் காகிதமே வங்கிக்குப் பிணையாகும்.

மத்திய அரசின் போக்கிலும் முரண்பாடு தெரிகிறது. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கு ரூ.500 கோடி ஒதுக்கி, ஒரு லாரிக்கு ரூ.9.6 லட்சம் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. மறுபுறம், 2025 செப்டம்பர் 22 முதல் டீசல் சரக்கு வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. மின் வாகனங்களுக்கு 2019 முதலே 5 சதவீதம். 23 சதவீதப் புள்ளிகளாக இருந்த வரி இடைவெளி ஒரே நாளில் 13 ஆகச் சுருங்கிவிட்டது. ஊக்கத்தொகை பெரிய லாரிகளுக்கு மட்டும் போகிறது. தேவராஜ சந்தைக்கு வரும் சிறு வண்டிக்காரருக்கு இந்த வரி இடைவெளிதான் கணக்கு. வரியைக் குறைத்ததை இனி திரும்பப் பெறுவது அரசியல் ரீதியாக எளிதல்ல. குறைந்தபட்சம், நான்கு சக்கரச் சிறு சரக்கு மின்வண்டிகளுக்கான கடன் வட்டியில் ஒரு பகுதியையாவது மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும்.