பழைய காரின் பெட்ரோல் கணக்கு

தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு விடுமுறைக் காலை என்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்தான். முருங்கைக்காய், கறிவேப்பிலை, மீன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்; கிடைக்காதது கார் நிறுத்த இடம். இடத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் அண்மைக் காலமாக எங்கள் காதில் விழும் புகார் ஒன்றே: “வண்டி முன்போல் மைலேஜ் கொடுப்பதில்லை, எல்லாம் எத்தனால் செய்கிற வேலை.”

இப்புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால், பழைய வண்டியின் எல்லா நோய்க்கும் எத்தனாலையே காரணமாகச் சொல்லிவிட்டு இருந்துவிடுவது, நம் பணத்தை நாமே ஒழுகவிடுவதாகும் என்பது எங்கள் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 எரிபொருளில் இதனால் ஏற்படும் இழப்பு 6 முதல் 7 விழுக்காடு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலவைக்கு ஏற்பச் சீரமைத்த கார்களுக்கு இதே அளவைத்தான் கூறுகிறது. அதாவது, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய கார் 13-க்குச் சற்று மேல் ஓட வேண்டும். 10-க்கு இறங்கினால், மீதிக் குற்றவாளி வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

எங்கள் வீட்டுக் காருக்கு வயது 12. சென்ற குளிர்காலத்தில் அது 14-இலிருந்து 10.4-க்கு இறங்கியது. நாங்களும் முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம். பெட்ரோலில் ஊற்றும் மருந்துப் புட்டி, இன்ஜெக்டர் சுத்தம், புதிய ஏர் ஃபில்டர் என்று ஐயாயிரம் ரூபாய்க்கு அருகில் செலவழித்தோம், பயன் ஏதுமில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்ஜெக்ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டர் வேகம் எடுக்கும் திறனைக் குறைக்குமேயன்றி, எரிபொருள் செலவை அவ்வளவாகக் கூட்டுவதில்லை என அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்துக் காட்டியிருக்கிறது. டயர் காற்றும் அப்படித்தான்: நான்கு சக்கரங்களிலும் 8 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இழப்பு இரண்டு, மூன்று விழுக்காடுதான். பாதுகாப்புக்காகக் காற்றைச் சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் காணாமற்போன மூன்றரைக் கிலோமீட்டர் அங்கே இல்லை.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். ஒரே பங்கில் டேங்க்கை நிரப்பி, பம்ப் தானே முதன்முறை நின்றதும் நிறுத்தி, ஓடிய தூரத்தையும் அடுத்த முறை நிரப்பிய லிட்டரையும் ஒரு சிறு நோட்டில் எழுதினோம். முன்பலகைத் திரை காட்டும் எண்ணை நம்பவில்லை. மூன்று முறை எழுதியதும் ஒன்று புலப்பட்டது: ஜெய்ப்பூர் சென்று வந்த வாரத்தில் இழப்பு குறைவு; ஆர்.கே. புரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி மார்க்கெட்டுக்குப் போய்வந்த வாரங்களில் மிக அதிகம். எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது இயல்பே. ஆனால், எய்ம்ஸ் அருகே நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்த பின்னும் வெப்பமானியின் முள் நடுவுக்கு வரவில்லை.

வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்தபோது, தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. முந்தைய மே மாதத்தில் வண்டி கொதித்தபோது, இனிக் கொதிக்காதிருக்கட்டும் என்று யாரோ அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார். தில்லிக் கோடையில் செய்யப்படும் இந்தக் ‘கைவைத்தியம்’ குளிர்காலத்தில்தான் தன் விலையைக் கேட்கிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கணினி எண்ணி, பெட்ரோலைக் கூடுதலாகவே தெளித்துக்கொண்டிருக்கும். வால்வு, கூலண்ட், கூலி எல்லாம் 2,000 ரூபாய்க்குள் முடிந்தன. இப்போது லிட்டருக்கு 12.8.

இதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சாட்சி ஒன்று காரின் கையறைக்குள்ளேயே கிடந்தது: பி.யூ.சி. என்னும் மாசுச் சான்றிதழ். அதில் ‘தேறியது’ என்ற சொல்லை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடு அளவும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் வரம்பு 0.3 விழுக்காடு. வரம்புக்குள் இருந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் ஏறிவந்தால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை என்று பொருள். ஆக்ஸிஜன் சென்சாரையும் ஸ்பார்க் பிளக்கையும் சோதிக்கச் சொல்லலாம். பாஸ்புக்கைப் போலப் பழைய சான்றிதழ்களையும் சேர்த்து வைப்பது நல்லது.

இனி, கடன் தரும் வங்கியின் இதழில் எழுதத் தயங்க வேண்டிய ஒன்று. மைலேஜ் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய கார் வாங்குவது பெரும்பாலும் கணக்குக்கு ஒத்துவராது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய் என்று கொள்வோம். 14-க்கும் 10.4-க்கும் உள்ள வேறுபாடு மாதம் ஏறக்குறைய 1,400 ரூபாய். அதில் எத்தனாலின் பங்கு 300 ரூபாய்கூட இல்லை. ஆறு இலட்ச ரூபாய்க் கடனை 9 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 12,450 ரூபாய்.

தில்லியில் வயதுக் கணக்கும் உண்டு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குமான தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே தரக்கூடாது என்று 2025 ஜூலை 1-இல் தொடங்கிய ஏற்பாடு சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. விதி இவ்வாறு மாறிக்கொண்டிருக்கையில், பதிவுச் சான்றிதழின் தேதியையும் அன்றைய விதியையும் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது. பழைய கார்கள் பலவற்றின் ரப்பர்க் குழாய்கள் இ20 எரிபொருளுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே குழாய்களைச் சோதித்து மாற்றிவிடுங்கள். எங்கள் காரில் அவற்றை மாற்றியாயிற்று. வால்வு மாட்டியதால் மிஞ்சும் மாதம் ஆயிரம் ரூபாயை ஒரு தொடர் வைப்பில் போட்டு வருகிறோம். மார்க்கெட்டுக்கு மட்டும் போவதென்றால், இப்போது பிகாஜி காமா பிளேசில் மெட்ரோ ஏறி இரண்டாவது நிலையத்தில் இறங்கிவிடுகிறோம்; மீன் வாங்கும் நாளில் மட்டும் காரை எடுக்கிறோம்.