வீட்டுச் சாவிக்கு முன் ஒரு கையெழுத்து



சங்கம் என்பது நமக்குப் புதிதல்ல. கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய நிதி என்று ஒவ்வொரு தோட்டத்திலும் நாலைந்து உண்டு. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டிய குடும்பங்கள் நம்மில் ஏராளம். இம்முறை நான் சொல்லப் போவது கட்டடக் கலைஞர்களின் சங்கத்தைப் பற்றி. "அது படித்தவர்கள் சங்கமாயிற்றே, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை நாளை வாங்கப் போகும் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் கோத்தா கோலா மூடாவில் கடல் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சிதைத்ததை நாம் மறக்கவில்லை. அது இயற்கையின் சீற்றம். ஆனால் எல்லா வீடும் இயற்கையால் மட்டும் விழுவதில்லை. 1993 டிசம்பர் 11-ஆம் நாள், கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடி வீடுகளின் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்தது. 48 உயிர்கள் போயின. மழை பெய்தது உண்மைதான். பின்னாலிருந்த குன்றுக்குச் சரியான வடிகாலும் தடுப்புச் சுவரும் இல்லாமற்போனதும் உண்மை.

வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தபோது பலர் திகைத்தார்கள். அந்தப் பெரிய கட்டடங்களுக்குக் கட்டடக் கலைஞராக நின்றவர் தகுதி பெற்ற கட்டடக் கலைஞரே அல்ல, ஒரு வரைவாளர்தான்! நீதிமன்றம் அவர் மீது 10 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தியது. கட்டிய நிறுவனத்துக்கு 15, பொறியாளருக்கு 10, மீதி மற்றவர்களுக்கு. குற்றம் ஒருவருடையது அல்ல. ஆயினும் "இவர் யார், இந்த வேலைக்குத் தகுதி உள்ளவரா?" என்று வீடு வாங்கிய எவரும் அன்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் யார்? இங்கேதான் சங்கம் வருகிறது.

நம் நாட்டில் கட்டடக் கலைஞர்களுக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று, லெம்பாகா அக்கிதெக் மலேசியா என்னும் வாரியம். 1967-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி பெயரைப் பதிவதும், தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுப்பதும் அதன் வேலை. மற்றொன்று, பெர்த்துபுவான் அக்கிதெக் மலேசியா என்னும் சங்கம், சுருக்கமாகப் 'பாம்'. ஆங்கிலேயர் காலத்தில், 1920-இல் தோன்றிய மலாயாக் கட்டடக் கலைஞர் கழகத்தின் வழியில் வந்து, 1967-இல் இப்பெயரில் அமைந்தது. சங்கம் பரிந்துரைக்கும் கட்டடக் கலைஞர்களும் வாரியத்தில் அமர்கிறார்கள். ஆகவே சங்கம் சோர்ந்தால் வாரியமும் சோரும்.

சங்கத்தை நடத்துவது எப்படி? நம் கமிட்டிகளைப் போலத்தான்! உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேட்கிறார்கள். தலைவரையும் கௌரவச் செயலாளரையும் கௌரவப் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தத் தொழில் வேறு உண்டு. சங்க வேலை அதற்கு மேல். பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய நம் பகுதிக்கு வட வட்டாரக் கிளை உண்டு. கட்டுமானக் குத்தகைக்கான மாதிரி ஒப்பந்தத்தைச் சங்கமே வகுத்து வெளியிடுகிறது. 1998, 2006, 2018 என்று அதைத் திருத்தியும் வந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள், மாலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தங்களுக்கே விதி வகுக்க வேண்டும். ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் அடுத்தவர் இன்னும் குறைப்பார். கடைசியில் குறைவது என்ன தெரியுமா? வரைபடத்தில் செலவிடும் நேரமும் கட்டுமிடத்தில் செய்யும் மேற்பார்வையும்தான். இதைத் தடுக்கத்தான் குறைந்தபட்சக் கட்டண விதிகள் 1986-இலும் 2010-இலும் வந்தன. தொழிற்சங்கம் முதலாளியிடம் நியாயம் கேட்கிறது. இத்தகைய சங்கமோ தன் உறுப்பினரிடமே நியாயம் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2007 ஏப்ரல் 12 முதல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன் "இந்த வீட்டில் குடியேறலாம்" என்று சான்றிதழ் கொடுத்தது நகராட்சி மன்றம். அதன்பின் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ, சிறிய கட்டடமானால் பதிவு பெற்ற வரைவாளரோ, தாமே கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். கட்டுமானத்தின் ஒவ்வொரு படிக்கும் பொறுப்பானவர்கள் கையெழுத்திட 21 பாரங்கள் உண்டு. ஆக, நம் தலைக்கு மேலுள்ள கூரைக்கு ஒரு மனிதரின் மனச்சாட்சி பிணை. அந்த மனச்சாட்சியை விழிப்பாக வைத்திருப்பது அவருடைய வாரியமும் சங்கமும்.

சுங்கை பட்டாணி சுற்றுவட்டாரத்தில் பல பால்மரத் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. லயன் வீடு கட்டியபோது நம்மை யாரும் கேட்கவில்லை; நாமும் யாரையும் கேட்கவில்லை. இப்போது நம் சேமிப்பைப் போட்டு, முப்பது வருஷக் கடன் வாங்கி வீடு வாங்குகிறோம். ஆகவே கேளுங்கள்: வரைபடத்தில் கையெழுத்திட்டவர் யார்? வாரியத்தில் பதிவு பெற்றவரா? குடியேறும் சான்றிதழ் எங்கே? பதிவு உண்டா என்பதை வாரியத்திடமே விசாரிக்கலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியே நம் சொந்தச் சங்கங்களையும் கொஞ்சம் பாருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு வராமல், கணக்கைக் கேட்காமல், பிறகு திண்ணையில் உட்கார்ந்து குறை சொல்வதில் பயனில்லை. ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். கட்டடக் கலைஞர் சங்கமானாலும் கோயில் கமிட்டியானாலும் இதுதான் விதி.