உழைத்தவன் சேமிப்புக்கு உச்சவரம்பா?

நிலத்துக்கு உச்சவரம்பு கேட்டபோது, “ஐயோ, சொத்துரிமை போச்சே!” என்று கூக்குரலிட்ட கனவான்களை நாம் மறக்கவில்லை. தொழிலாளியின் பிராவிடண்டு பண்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதைப்பற்றி அவர்கள் மூச்சு விட்டதுண்டா?

1952-ல் சட்டம் வந்தபோது முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களில் பஞ்சாலைத் தொழிலும் ஒன்று. பின்னர் தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று ஏற்பட்டது. கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு சம்பளத்துக்கு? 2001-ல் 6,500 ரூபாய் வரை என்றார்கள். 13 ஆண்டு தூங்கிவிட்டு, 2014 செப்டம்பரில் 15,000 என்றார்கள். 2025 முடியும்வரை அது நகரவில்லை. அரிசி விலை நின்றதா? வீட்டு வாடகை நின்றதா?

இதில் தொழிலாளி இழப்பது என்ன? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 25,000 வாங்குகிறவருக்கு முதலாளி மாதம் 3,000 கட்டவேண்டும். 15,000 வரம்பின்படி 1,800 கட்டினால் போதும். ஆண்டுக்கு 21,600! மீதி 14,400 முதலாளி பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. 20 ஆண்டில் 2,88,000, வட்டி தனி. அந்த 1,800-லும் 1,250 பென்ஷன் நிதிக்குப் போய், 550தான் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பென்ஷனுக்கு 2014-ல் வைத்த குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்!

மேலே உள்ளவர்களுக்கும் 2020-ல் ஒரு வரம்பு வந்தது. கம்பெனி அவர்களுக்காகக் கட்டும் ஓய்வுக்காலப் பணம் ஆண்டுக்கு 7.5 லட்சம்வரை வரியில்லை. அங்கே 7.5 லட்சம், இங்கே 21,600. இதுதான் இவர்கள் நீதி!

“வரம்பை உயர்த்தினால் கைக்கு வரும் கூலி குறையுமே” என்று முதலாளிகள் நமக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். உண்மைதான், நமது சந்தாவும் கூடும். ஆனால் நாம் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர்களும் ஒரு ரூபாய் போட்டாக வேண்டும். அந்த ரூபாய்தான் அவர்கள் கண்ணை உறுத்துகிறது!

நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து முதுகு வளைந்த விவசாயத் தொழிலாளிக்கோ இந்தக் கணக்கே கிடையாது. இன்று ஒரு பண்ணை, நாளை ஒரு பண்ணை. யார் முதலாளி, யார் பங்கு கட்டுவது? அவர் உழைப்பில் விளைந்ததை நாடே உண்கிறது. ஆகவே சர்க்கார்தான் கட்டவேண்டும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை பிச்சை போடுவது போல் வரம்பை உயர்த்திவிட்டு மீண்டும் தூங்குவதை ஏற்கமாட்டோம். விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏறுகிறது. வரம்பும் அதேபோல் தானாக ஏறட்டும்! ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், தோழர்களே! கேட்பது தர்மம் அல்ல. நாம் உழைத்த கூலியின் மிச்சம்.